செயற்கைப் பார்வை யாருக்கு உதவும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைப் பார்வைக் கருவிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை என் தம்பிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்த அவனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். சிறுவயதில் மாலைக்கண் என்று எண்ணி முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயுமாகக் கொடுத்துவந்தோம். இது பரம்பரையாக வருவது, உறவுக்குள் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதெல்லாம் வேலூரில் கண் மருத்துவரிடம் காட்டிய பிறகே தெரிந்தது. எங்கள் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும்தான்.

கட்டுரை ஆர்வமூட்டியது. ஆனால், எந்தக் கருவி எந்த நோய்க்கு உரியது என்பதைச் சொல்லாமல் விட்டதால், எங்கள் தெருவில் கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்த பெரியவர் ஒருவர், தமக்கும் அது பொருந்துமா என்று தினமும் விசாரிக்கிறார்.

விழித்திரையின் ஒளி உணர் செல்கள் வெளிச்சத்தை மின்குறிப்பாக்குகின்றன. அக்குறிப்பு உட்புறச் செல்களைக் கடந்து, ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு வழியே மூளையின் பின்பகுதியை அடைகிறது. தம்பியின் நோயில் ஒளி உணர் செல்கள் மடிந்தாலும் உட்புறச் செல்கள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். ஐரோப்பாவில் 2011-இலும் அமெரிக்காவில் 2013-இலும் ஒப்புதல் பெற்ற ஆர்கஸ் 2 என்ற கருவி இந்த எச்சத்தை நம்பியே உருவாயிற்று. மூக்குக்கண்ணாடியில் உள்ள கேமரா எடுக்கும் படத்தை உடலில் அணிந்த சிறு கணினி எளிமைப்படுத்தி, கம்பியின்றி விழிக்குள் அனுப்ப, விழித்திரைமேல் பதித்த 60 மின்முனைகள் நரம்புச் செல்களைத் தூண்டுகின்றன. மூளை அதை ஒளிப்பொட்டுகளாக உணர்கிறது. 10 லட்சம் இழைகள் செய்த வேலையை 60 முனைகளிடம் கேட்டால் கதவும் சன்னலும் தெரியலாம், முகம் தெரியாது. கேமரா கண்ணாடியில் இருப்பதால் விழியை உருட்டிப் பயனில்லை, தலையைத்தான் திருப்ப வேண்டும். அந்தப் பொட்டுகளுக்குப் பொருள் காணவே மாதக்கணக்கில் பழக வேண்டும்.

அண்மைக் கருவியான பிரிமா என்பது 2 மில்லிமீட்டர் அகலமுள்ள மின்னணுச் சில்லு. அதில் 378 புள்ளிகள். கண்ணாடி பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளியைச் சில்லே மின்சாரமாக்கிக்கொள்கிறது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்கானது இது. 2025-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் பார்வைக்கூர்மை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது.

தெருப் பெரியவருக்கு இவை இரண்டுமே உதவா. அவருக்குக் கெட்டது பார்வை நரம்பே. விழித்திரையில் எதைப் பதித்தாலும் குறிப்பு மூளைக்குப் போய்ச் சேராது. அத்தகையோருக்கு மூளையிலேயே நேரடியாக மின்முனை பதிக்க வேண்டும். 1968-இலேயே கேம்பிரிட்ஜில் பிரிண்ட்லி என்ற ஆய்வாளர் 80 முனைகளைக் கொண்டு அதைச் செய்துபார்த்தார். ஸ்பெயினில் 16 ஆண்டுகளாகப் பார்வையற்றிருந்த முன்னாள் ஆசிரியை ஒருவர், 96 முனைகளின் துணையால் சில எழுத்துகளை இனங்கண்டதாக 2021-இல் செய்தி வந்தது; ஆறு மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் சோதனை நிலைதான்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்திய ஆர்கஸ் கருவியின் தயாரிப்பு 2020-க்குள் நின்றுபோய், பழுது பார்க்க வழியின்றிப் பலர் தவித்தனர். நான் வாசித்து முடித்ததும் தம்பி கேட்டதும் அதைத்தான்: "தறி நின்னா மேஸ்திரியக் கூப்பிடலாம்ணா. இது நின்னா யாரக் கூப்பிடறது?"

அடுத்து எழுதும்போது நோயின் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள். கண்புரை உள்ள எங்கள் ஒடுகத்தூர் சித்தி, 'கம்ப்யூட்டர் கண்' வரட்டும் என்று, அரை மணி நேர அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.