செம்பியோடு என்னையும் ஓட வைத்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நாய்கள் தடைகளைத் தாண்டி ஓடும் அஜிலிட்டி பயிற்சிக்குத் தோப்பில் பதினோரு நாய்கள். அதில் ஏழு, தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவை. எல்லாரும் போனபின் சீசா பலகைக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், இந்த மடலை இன்னும் எழுதவில்லையே என்று உறைத்தது.

முதல் நன்றி வெல்டிங் பட்டறை அண்ணனுக்கு. செல்போனில் படத்தைக் காட்டி, "நாய் ஏறி இறங்க ஒரு சீசா வேணும்ங்ணா" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. "நாய் என்ன எடை இருக்கும்ங்க?" என்றுதான் கேட்டீர்கள். 12 அடி நீளம், ஓர் அடி அகலம். சின்ன நாய் ஏறினாலும் பலகை சாய வேண்டும். படாரென்று விழவும் கூடாது. அதற்காக மூன்று முறை பேரிங் மாற்றினீர்கள். நகம் வழுக்காமலிருக்க, பெயின்ட் காயும் முன்னே மணலைச் சலித்துத் தூவினீர்கள்.

என் நாய் செம்பிக்குப் பலகை தரையில் தட்டுகிற சத்தம்தான் பயம். செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே கிடைத்த குட்டி அவள். இரும்புச் சத்தம் கேட்டாலே கட்டிலடிக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுச் சேச்சி பழைய மெத்தை ஒன்றைத் தூக்கி வந்து பலகை முனைக்கு அடியில் போட்டார். "பதுக்கெ மதி மோளே" என்றார். அதன்படியே மெதுவாகத்தான் போனோம். தரைக்கு நாலு விரல் உயரத்திலிருந்து பலகையை இறக்குவேன். ஒவ்வொரு 'டொப்'புக்கும் ஒரு துண்டு அவித்த ஈரல். மெத்தை இல்லாமல் அவள் இறங்க நாலு மாதம் ஆயிற்று.

மிருக டாக்டரம்மா, நீங்கள் அன்று கண்டித்தது நல்லதாயிற்று. எலும்பு முனைகள் வளர்ந்து மூடுவதற்கு முன்னால் உயரம் தாண்டினால் மூட்டு கெட்டுப்போகும், அதுவரை தாண்டுகம்பி தரையிலேயே கிடக்கட்டும் என்றீர்கள். சர்வதேச விதியிலும் 18 மாதம் நிறைந்த பிறகே போட்டி என்று பின்னால் படித்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தோப்பைத் திறந்துவிட்ட பெரியப்பாவுக்கும், சொட்டுநீர்க் குழாயை வெட்டி வளைந்தோட 12 கம்பம் நட்டுத் தந்த தம்பிக்கும் நன்றி. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாண்டுகம்பிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கள் இறக்கும் அண்ணன்மார் மரத்தை விட்டு இறங்கும்போதெல்லாம் அவற்றை எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

கோவைப் பயிற்சியாளர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? 1978-இல் லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளை வேடிக்கையாகத் தொடங்கியது அஜிலிட்டி, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து வந்த யோசனை என்று கதைபோலச் சொன்னீர்கள். நாய் நம் வாயைவிடத் தோளையும் பாதத்தையும்தான் படிக்கும் என்றும் சொன்னீர்கள். முதல் போட்டியில் அது எனக்குப் புரிந்தது. களத்தில் பிடிகயிறு கிடையாது, கையில் தீனி கிடையாது. நான் தோளைத் திருப்பத் தாமதித்தேன். செம்பி, முறை வராத டன்னலுக்குள் (நாய் புகுந்தோடும் குழாய்) நுழைந்துவிட்டாள். தவறான தடை என்றால் அதோடு வெளியேற்றம். காரில் அழுதேன். தப்பு அவளுடையதல்ல. நீங்கள் ஒன்றும் பேசாமல் அவளுக்குத் தண்ணீர் வைத்தீர்கள்.

மூன்றாவது போட்டியில் ஒரு கம்பி விழுந்து 5 பிழைப்புள்ளி. பரிசு இல்லை. ஆனால் சீசாவில் ஏறினாள், நடு தாண்டினாள், பலகை தரையைத் தட்டும்வரை அசையாமல் நின்றாள். தட்டியது. காது மடங்கவில்லை. எனக்கு அது போதும்.

இப்போது ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன்னே முடித்துவிடுகிறோம். கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் நாயோடு வாருங்கள்.

சேச்சி, மெத்தையை இன்னும் திருப்பித் தரவில்லை. புதிதாக வந்திருக்கும் வெள்ளைக் குட்டி இப்போது அதன்மேல்தான் இறங்கிப் பழகுகிறது.

அன்புடன்,
செம்பியும் நானும்