ரேஷன் கணக்கில் கால்சியத்தையும் பாருங்கள்

உணவுப் பொருள் வழங்கல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த ரேஷன் கடையிலிருந்து எந்த மாதம் எத்தனை கிலோ அரிசி, பருப்பு போனது என்ற விவரம் உங்களிடம் இருக்கிறது. ஸ்மார்ட் கார்டை மெஷினில் காட்டியதுமே பதிவாகிவிடுகிறது. அதைத் தாலுகா வாரியாகக் கூட்டி, யாருடைய பெயரும் இல்லாமல், மாதாமாதம் வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எதற்கு என்கிறீர்களா? ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு நாடுவாரியாக ஒரு கணக்குப் போடுகிறது. விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, விதை, தீவனம், சேதாரம் எல்லாம் கழித்து, மக்கள்தொகையால் வகுப்பார்கள். அதைச் சத்து அட்டவணையோடு பெருக்கி, ஆளுக்கு வேண்டிய அளவோடு ஒப்பிட்டால், எத்தனை பேருக்குக் கால்சியமோ துத்தநாகமோ போதாமல் போகக்கூடும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். யாருக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது நாட்டுக்கே ஒரு சராசரி. தஞ்சாவூரும் தருமபுரியும் அதில் ஒன்றுதான்.

உங்கள் பதிவில் அப்படி இல்லை. இதே கணக்கைத் தாலுகா தாலுகாவாகப் போடலாம். மாதம் 20 கிலோ அரிசி வாங்கும் நான்கு பேர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 167 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் அரிசியில் கால்சியம் 8 மி.கி.தான். ஆக, 13 மி.கி. தேறும். பெரியவர்களின் சராசரித் தேவையோ நாளொன்றுக்கு 800 மி.கி. 2023 முதல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தருகிறீர்களே, அந்த 2 கிலோவிலேயே ஆளுக்குத் தினம் 60 மி.கி. கிடைக்கிறது. மிச்சம் 18 கிலோ அரிசி தருவதைப்போல ஐந்து மடங்கு! செறிவூட்டிய அரிசி இதற்கு உதவாது. அதில் சேர்ப்பது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12.

சரி, 800க்கு முன்னால் 60 சொற்பம்தான். கேழ்வரகில் இயற்கையாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதிலும் கொஞ்சத்தை உடம்பில் சேரவிடாது. பால், கீரை, மீன் கணக்கை 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்விலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்புறம், கடையைவிட்டுப் போகும் அரிசியெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்குப் போவதில்லை. கொஞ்சம் மாட்டுக்குப் போவது ஊரறிந்த சங்கதி. அதையும் ஒளிக்காமல் கழித்தால்தான் கணக்கு நிற்கும்.

தாலுகா, மாதம், பொருள், கிலோ, கார்டுகள், அவற்றிலுள்ள ஆட்கள் எண்ணிக்கை. இவ்வளவு போதும். எக்செல் கோப்பாகத் தாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ரேஷன் அட்டைதாரர்