கீவாவிலிருந்து அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உஸ்பெகிஸ்தானில் கீவா என்ற ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நல்ல அறை, வெந்நீர் வருகிறது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. நீ முதலில் கேட்கப்போவது இதைத்தான். "இந்த வயசுல தனியா பாலைவனத்துல என்னம்மா வேலை, ஒரு குரூப்போட போயிருக்கலாமே" என்று நீ வாட்ஸாப்பில் அனுப்பியதையும் பார்த்தேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஃபோனில் ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய்.

பாலைவனம் என்றதும் நீ நினைக்கிற மணல்மேடுகளை நான் வந்த வழியில் அதிகம் பார்க்கவில்லை. கிசில்கும் என்கிற இந்தப் பாலைவனம் எனக்குப் பெரும்பாலும் புதராகத்தான் தெரிந்தது. முழங்கால் உயரச் செடிகள், நடுநடுவே சாக்சால் என்ற பாலைவனக் குறுமரம், மற்றபடி வானம். புகாராவிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, ஆனால் ஷேர் டாக்சியில் வந்தால்தான் ஆட்களோடு பேசலாம் என்று ஏறிவிட்டேன். பின்சீட்டில் என்னோடு இரண்டு பெண்கள். வண்டி ஊரைத் தாண்டும் முன்பே கணவர் எங்கே, எத்தனை பிள்ளைகள், பென்ஷன் எவ்வளவு என்று எல்லாம் கேட்டுவிட்டார்கள். எல்லாம் சைகையும் மொபைல் மொழிபெயர்ப்பும்தான். இந்தியா என்றதும் டிரைவர் ராஜ் கபூர் என்றார். இந்த நாட்டில் வயதானவர்கள் எல்லாரும் அதையே சொல்கிறார்கள், எனக்கோ இந்தி சரியாக வராது! வழியில் காருக்கு கேஸ் நிரப்பும்போது எல்லாரையும் இறக்கி ஓரமாக நிற்கவைக்கிறார்கள். அங்கே அந்தப் பெண்கள் ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தார்கள். நீ பயந்த பாலைவனத்தில் நடந்தது இவ்வளவுதான்.

அமு தார்யா ஆற்றையும் பார்த்தேன். கலங்கலாக, அகலமாக ஓடுகிறது. சோவியத் காலத்தில் இதன் தண்ணீரையும் சிர் தார்யா என்ற இன்னொரு ஆற்றின் தண்ணீரையும் பருத்திக்குத் திருப்பியதில்தான் ஏரல் கடலின் பெரும்பகுதி வற்றிப்போனது.

இதற்கு முன்னால், சமர்கண்டிலிருந்து புகாரா போகும்போது நவோயி என்ற ஊருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். ரபாத்-இ-மாலிக், 11ஆம் நூற்றாண்டுச் சத்திரம். இப்போது நிமிர்ந்து நிற்பது வாசல் மட்டும்தான். சாலைக்கு அந்தப் பக்கம் குவிமாடம் போட்ட தண்ணீர்த் தொட்டி, சர்தோபா என்கிறார்கள். ஜெரவ்ஷான் ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, வெயில் படாமல் மூடி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் சில்லென்று இருந்தது. பட்டுப்பாதை என்று பேர் வைத்திருக்கிறோம், ஒட்டகம் நடந்ததெல்லாம் ஒரு தண்ணீரிலிருந்து அடுத்த தண்ணீருக்குத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆயுசில் பாதியை ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரித்தே கழித்தவள் நான். சமர்கண்ட் மேல் எனக்கு ஆசை வந்தது நீலக் குவிமாடங்களைப் பார்த்து இல்லை, பட்டுவாடா ஆகாத ஒரு தபால் கட்டைப் பற்றிப் படித்துத்தான். 1907இல் ஆரல் ஸ்டைன் என்பவர் சீனாவில் துன்ஹுவாங்குக்கு மேற்கே, ஒரு பாழடைந்த காவல் கோபுரத்தில் அதைக் கண்டெடுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோக்தியர்கள், அதாவது இந்தச் சமர்கண்ட் பக்கத்து வியாபாரிகள், காகிதத்தில் எழுதியவை. ஒன்றின் உறையில் சமர்கண்ட் என்றே முகவரி இருக்கிறது. எதுவும் போய்ச் சேரவில்லை.

அதில் இரண்டு, மிவ்னாய் என்ற பெண் எழுதியவை. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று கணவனுக்கு. அவள் மகளோடு துன்ஹுவாங்கில் மூன்று வருஷமாக மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் காசில்லை, கணவனிடமிருந்து பதிலில்லை. ஊருக்குக் கூட்டிப்போக ஒவ்வொருவரையாகக் கேட்டிருக்கிறாள். கணவனின் உறவுக்காரர் சம்மதிக்க வேண்டும், இன்னொருவர் வரும்வரை பொறு என்று ஆளுக்கொரு பதில். ஒரு பூசாரி மட்டும் ஒட்டகமும் துணைக்கு ஓர் ஆளும் தருகிறேன் என்றாராம். உனக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்று கணவனுக்கு எழுதினாள். அதன் அடியில் மகளும் சில வரி சேர்த்திருக்கிறாள், தாங்கள் சீனர்களுக்கு வேலைக்காரிகளாகிவிட்டோம் என்று.

புரிகிறதா, பாப்பா? அவள் போக முடியாமல் கிடந்தது பாலைவனத்தால் இல்லை. பாதையில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். யாராவது ஒருவர் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு அப்படி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பென்ஷன் வருகிறது, இ-விசா எடுத்தேன், டிக்கெட் போட்டேன். குரூப்போடு வந்திருந்தால் சர்தோபாவில் ஐந்து நிமிஷம் கொடுத்திருப்பார்கள்.

கீவாவைப் பற்றிச் சொல்லவில்லையே. மண் மதிலுக்குள் ஒரு சின்ன ஊர். கல்தா மினார் என்று பச்சையும் நீலமுமாக ஒரு குட்டைக் கோபுரம். கட்டச் சொன்ன கான், அதாவது இந்த ஊர் ராஜா, 1855இல் சண்டையில் செத்தார், அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். இதே ஊரில் அடிமைச் சந்தையும் நடந்தது, 1873இல் ரஷ்யப் படை வந்த பிறகுதான் ஒழிந்தது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஓடுகளின் அழகு கொஞ்சம் குறைகிறது. குறையட்டும்.

சாப்பாடு பரவாயில்லை. ஓஷ் என்கிற புலாவில் எண்ணெய் ஜாஸ்தி, பூசணிக்காய் சம்சா எனக்கு ஒத்துக்கொண்டது. பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன்.

இங்கிருந்து உர்கெஞ்ச் போய் விமானத்தில் தாஷ்கண்ட். அங்கே நம் பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரியின் சிலையைப் பார்த்துவிட்டு டெல்லி. 1966 ஜனவரி 11 அன்று அவர் அந்த ஊரில் இறந்த செய்தியை உன் தாத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல், ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம்.

அப்புறம், அடுத்து துன்ஹுவாங் போவதாக இருக்கிறேன். கோபப்படுவதென்றால் இதற்கும் சேர்த்து இப்போதே பட்டுக்கொள். சீன விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று மட்டும் பார்த்து வை.

அன்புடன்,
அம்மா