கீச்சிட்டது உன் தப்பில்லை

அன்புள்ள பாப்பா,

கிளாரினெட்டா, சாக்ஸபோனா என்று கேட்டிருந்தாய். சாக்ஸபோனையே எடு. பதில் அவ்வளவுதான், ஆனால் உன் பழைய கிளாரினெட்டைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பரணிலிருந்து அதை இறக்கி மூன்று மாதமாக நான்தான் ஊதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. 'வாசிக்கிறேன்' என்று சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

பதினோரு வயதில் இதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு சுரம் ஒழுங்காக வரும், அடுத்தது கீச்சென்று கத்தும். உனக்கு மூச்சு போதவில்லை என்று சொல்லிக்கொடுத்தவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். மூச்சில் ஒரு குறையும் இருந்திருக்காது என்று இப்போதுதான் புரிகிறது. கிளாரினெட்டின் முக்கியமான துளைகளுக்கு மூடி கிடையாது, விரல் நுனிதான் மூடி. மயிரிழை விலகினாலும் காற்று கசியும், கீச்சிடும். அரை மணி நேரம் ஊதிவிட்டு விரல்களைத் திருப்பிப் பார்த்தால் நுனியில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். வட்டம் முழுசாக இருந்தால் அந்தத் துளை சரியாக மூடியிருக்கிறது. எனக்கு வலது கை மோதிர விரலில் மட்டும் இன்னும் பிறைதான். என் தடித்த விரலுக்கே இந்தக் கதி, உன் குச்சி விரல் அன்றைக்கு என்ன செய்திருக்கும்?

போன மாதம் நண்பர் ஒருவரின் ஆல்டோ (நடுத்தர அளவு) சாக்ஸபோனை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன். அதில் எல்லாத் துளைக்கும் பேட் (சின்ன மெத்தை) வைத்த மூடி உண்டு. கீயை அழுத்தினால் அது போய் மூடிக்கொள்ளும். முதல் நாளே சத்தம் வந்துவிட்டது. இனிமை என்று சொல்லமாட்டேன், ஆனால் சத்தம்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது. இரண்டு கையிலும் மும்மூன்று விரல் வைத்தால் சாக்ஸில் டி (ஏ, பி, டி, ஜி எல்லாம் மேற்கத்திய சுரங்களின் பெயர்). இடது கட்டைவிரலால் ஸ்தாயி மாற்றும் ஆக்டேவ் கீயை அழுத்து, அதே விரல்களுக்கு மேல் டி. ஒரு தடவை படித்தால் இரண்டு ஸ்தாயிக்கும் ஆயிற்று. கிளாரினெட்டில் கட்டைவிரல் துளையையும் மூடிக்கொண்டு அதே ஆறு விரல் வைத்தால் கீழ் ஜி. மேலே ஏற்றுவதற்கு இதில் இருக்கும் ரெஜிஸ்டர் கீயைத் தொட்டால் மேல் ஜி வராது, டி வரும்! சாக்ஸின் குழாய் கூம்பு மாதிரி விரிந்துகொண்டே போகிறது, கிளாரினெட்டின் குழாய் பெரும்பாலும் ஒரே அகலம். அதனால்தான் ஒன்று எட்டாம் சுரத்துக்கும் இன்னொன்று பன்னிரண்டாம் சுரத்துக்கும் தாவுகிறது. கிளாரினெட்காரன் இரண்டு பாடம் படிக்க வேண்டும்.

நடுவில் 'பிரேக்' என்று ஒரு இடம் வேறு. ஏ வாசிக்க ஒரு விரல் போதும். அடுத்த பி-க்கு எட்டு விரலும் ஒரே நொடியில் போய் உட்கார வேண்டும். நான் மூன்று மாதமாக நிற்பது அந்த வாசற்படியில்தான்.

இதையெல்லாம் பார்த்து சாக்ஸ் சும்மா வந்துவிடும் என்று நினைத்துவிடாதே. உதடு கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ரீட்டை (மவுத்பீஸில் மாட்டும் மெல்லிய நாணல் பட்டை) கடித்தால் சுருதி மேலே ஏறும், ரொம்ப விட்டால் கீழே தொங்கும். அடி சுரங்கள் ஆரம்பத்தில் கொப்பளிக்கிற மாதிரிதான் வரும். ஆல்டோ சுமார் இரண்டரை கிலோ, கழுத்துப் பட்டைதான் தாங்கும். மவுத்பீஸ் தானாக வாய்க்கு வருகிற உயரத்தில் பட்டையை வை, நீ குனிந்து அதைத் தேடாதே. ரீட் 2-ம் நம்பரில் தொடங்கு, வாயில் நனைத்த பிறகே மாட்டு. ஊதி முடித்ததும் ஈரத்தைத் துடைத்துவிடு. சத்தத்தைக் குறைத்து ஊதுவது தொடக்கத்தில் முடியவே முடியாது, அதனால் பக்கத்து வீட்டில் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவை.

ஒரு வேடிக்கை. சாக்ஸபோனைச் செய்து 1846-ல் காப்புரிமை வாங்கிய அடால்ஃப் சாக்ஸே கிளாரினெட் வாசித்தவர்தான். அவரும் அந்தப் பிரேக்கில் திட்டு வாங்கியிருப்பாரோ என்னவோ.

அடுத்த முறை வரும்போது ஆல்டோவைக் கொண்டு வா, சேர்ந்து ஊதலாம். இரண்டும் வேறு வேறு சுருதிக் கருவிகள் என்பதால் ஒரே தாளைப் பார்த்து ஊத முடியாது. நீ ஏ ஊதும்போது நான் டி ஊதினால்தான் இரண்டும் ஒரே சுரமாகக் கேட்கும். அதனால் ஒரு சின்ன மெட்டை உனக்குத் தனியாக, எனக்குத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். பிரேக்கைத் தாண்டாத மெட்டு.

அன்புடன்,
அப்பா