கப்சாய் போதும்: குளுவாங் நண்பனுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தணிந்து, இப்போது காலையில் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார் என்று படித்ததும் எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இங்கே நாங்கள் நலம். உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதும்படி என் மனைவி சொன்னாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு 250 சிசி மோட்டார் ஒன்றை வாங்கி நாட்டைச் சுற்றி வரலாமா என்று கேட்டிருக்கிறாய். கையில் பணம் இருக்கிறது, உன் பி2 உரிமம் அதற்கு இடம் தருகிறது, பிள்ளைகளும் தடுக்கவில்லை என்னும்போது வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் நீ என் கருத்தைக் கேட்டிருப்பதால் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உன் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் அந்த நூறு சிசி கப்சாய், ஹோண்டா இஎக்ஸ்5, போதும். இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ பார்க்க ஆசைப்படுகிற ஊர்களையும் மனிதர்களையும் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான வண்டி நம் நாட்டில் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரிய எஞ்சின் வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை நினைத்துத்தான் வருகிறது. மோட்டார் சைக்கிளுக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதால் நூறு சிசி வண்டிக்காரர்களும் அதில் ஏறிவிடுகிறார்கள். அந்தச் சாலையில் கார்களுக்கு 110 கிலோமீட்டர் வேகம் சட்டப்படியே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நம் வண்டியோ 65, 70இல் நிம்மதியாக ஓடும். 90ஐ நெருங்கினால் எஞ்சின் அலறத் தொடங்கிவிடும். ஆபத்து இந்த வேக வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பயந்து இடது ஓரத்து அவசரத் தடத்தில் ஒதுங்கினால், வெடித்துப் போன லாரி டயர்களின் கிழிசலும் ஆணியும் கண்ணாடித் தூளும் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். ஈப்போவுக்கும் கோலக்கங்சாருக்கும் நடுவில், மேனோரா சுரங்கப் பாதையை ஒட்டிய மலையிறக்கத்தில், பாரம் ஏற்றிய லாரி ஒன்று தன் பின்னால் இறங்கி வரும் சத்தத்தைக் கேட்டவன் எவனும் அந்தப் பாதையைச் சிறிய வண்டிக்குப் பரிந்துரைக்க மாட்டான். நம் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதை நீயும் அறிவாய்.

பெரிய மோட்டார் வாங்கினால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஈடுகொடுத்து எதைக் காணப் போகிறோம்? வெட்டிய மலைச்சரிவும் செம்பனையும் ஓய்வுத்தளமும்தான் மாறி மாறி வரும். 1994இல் அந்த நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, கார்க்காரர்கள் பழைய முதலாவது கூட்டரசுச் சாலையை ஏறக்குறைய மறந்தே போனார்கள். அந்தச் சாலை இன்னும் அப்படியே இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ, கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர், சுங்கை, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று அது போகிற விதத்தைப் பார்; ஈயச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் சேவகம் செய்யப் பிறந்த பட்டணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கே பசி எடுத்தாலும் சாப்பாட்டுக் கடை தொலைவில் இருக்காது. மழை பிடித்தால் ஒதுங்கக் கடை முன்னால் கூரையுள்ள ஐந்தடி நடைபாதை ஒன்று கிடைக்கும். எந்தப் பட்டணத்திலும் ஒரு சீனர் பட்டறையோ மலாய்க்காரர் பட்டறையோ நிச்சயம் உண்டு. அங்கே இஎக்ஸ்5க்கு வேண்டிய டியூப், பிளக், செயின், பிரேக் கட்டை எல்லாம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹோண்டா நிறுவனம் 1958இல் சூப்பர் கப் என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. கிளட்ச் பிடி இல்லாமல், காலால் கியர் மாற்றி, கால் மறைப்போடு ஓடுகிற நம் கப்சாய்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 2017இல் அந்த வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. குருணில் மோடனாஸ் தொழிற்சாலை செய்த கிரிஸ் வண்டியும் இதே குணமுடையதுதான். இத்தனை பேர் ஓட்டி, இத்தனை கைகள் பிரித்துப் பூட்டிய எஞ்சின் ஆதலால், ஊர் பேர் தெரியாத இடத்தில் நின்றுபோனாலும் அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். 250 சிசி வண்டி அப்படி நின்றால், பாகம் பெரிய நகரத்திலிருந்து வரும்வரை நீ அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான்.

எடையையும் யோசித்துப் பார். உன் வண்டி நூறு கிலோவை ஒட்டியது. சாய்ந்துவிட்டால் நம் வயதிலும் தனியாகத் தூக்கி நிறுத்தலாம். தோட்டத்துச் செம்மண் பாதையில் இறக்கலாம். சாக்கடைமேல் போட்ட பலகை வழியாகத் தள்ளிச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தலாம். மலிவான தங்கும் விடுதியில், முதலாளியிடம் கேட்டுப் படிக்கட்டுக்கு அடியிலேயே பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

சிறிய எஞ்சினுக்கு உரிய மரியாதையை மட்டும் கொடுக்க வேண்டும். முழுதாக மாற்றினாலும் ஒரு லிட்டருக்குக் குறைவான எஞ்சின் ஆயில்தான் அதற்குள் போகிறது. அந்தக் கொஞ்ச ஆயிலும் காற்றும் சேர்ந்துதான் நாள் முழுக்கச் சூட்டைத் தாங்குகின்றன. ஆகவே நெடும்பயணத்தில் தினமும் காலையில் அளவைப் பார்ப்பது என் வழக்கம். வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, மூடியோடு சேர்ந்த அளவுக் குச்சியைத் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும். வைக்கும்போது மரையைத் திருகாமல் சும்மா உட்கார வைத்துப் பார்ப்பதே சரியான முறை. திருகிவிட்டுப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். இதைப் பல ஆண்டுகளாக ஓட்டுகிறவர்களிலும் பலர் அறிந்திருப்பதில்லை. அறுபது எழுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி வண்டியையும் இடுப்பையும் ஆறவிடு. தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் இரண்டும் தணிந்துவிடும்.

சென்ற ஆண்டு கிரிக் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போய்வந்ததைத் தொலைபேசியில் அரைகுறையாகத்தான் சொன்னேன். லெங்கோங் பள்ளத்தாக்கைக் கடந்து கிரிக்கில் இரவு தங்கினேன். அங்கிருந்து ஜெலி வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டக் காலத்தில் இராணுவக் காவலோடு காட்டை அறுத்துப் போட்டு, 1982இல் திறந்த சாலை அது. நம் வண்டியின் தொட்டி நான்கு லிட்டர் அளவுதான். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டி மலையில் அந்தக் கணக்கைக் காப்பாற்றாது. அதனால் கிரிக்கில் வாய்வரை நிரப்பாமல் ஏறக் கூடாது. பத்து வெள்ளிக்குள் முடிகிற காரியம்.

பண்டிங்கில் தெமங்கோர் ஏரிப் பாலத்தைத் தாண்டும்போது பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அதற்கப்பால் யானை கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகைகள் அடிக்கடி வந்தன. ஒரு வளைவில் மூங்கில் முறிந்து சாலையோரம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் கிடந்த சாணம் காயவே இல்லை, மேலே ஆவி தெரிந்தது. எஞ்சினை அணைக்காமல், விளக்கையும் அணைக்காமல் அங்கேயே நின்றுவிட்டேன். கிளந்தான் பக்கம் போகிற காய்கறி லாரி ஒன்று வந்ததும் அதன் பின்னால் இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தேன். யானை கண்ணில் படவில்லை. ஆனால் நூறு சிசி எஞ்சினின் மெல்லிய ஓட்டத்தில் காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்தச் சாலை தித்திவாங்சா மலைத்தொடரைக் கடக்கும் உச்சி கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியர் பல இடங்களில் தாங்காது. இரண்டுக்கு இறக்கி முப்பதில் பொறுமையாக ஏற வேண்டும். எஞ்சினைத் திணறவிட்டு மேல் கியரில் இழுப்பதைவிட, கீழ்க் கியரில் சீராகச் சுழல விடுவதே அதற்கு நல்லது. இறக்கத்தில் இன்னும் கவனம் தேவை. நம் வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு மங்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது நமக்கும் பொருந்தும்.

ஜெலியில் ஒரு கம்பத்துப் பட்டறையில் செயினை இறுக்கக் கொடுத்தேன். அந்த மலாய்ப் பெரியவர், பாக்சிக், செயினைத் தொடுமுன் பின் சக்கரத்தைச் சுழற்றி, சிறிய ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். இறுக்கமான கம்பி கிண்ணென்றது. தளர்ந்த கம்பி மொத்தென்று மழுங்கியது. மழுங்கிய இடத்திலெல்லாம் கால் சுற்று திருகி, மறுபடி தட்டி, மறுபடி கேட்டார். முடித்த பிறகு சக்கரம் சுழன்றபோது விளிம்பில் ஆட்டமே இல்லை. அன்று முதல் நானும் பயணத்துக்கு முந்தின மாலை கம்பிகளைத் தட்டிப் பார்க்கிறேன். நீயும் செய்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை விடாது. அந்த மாதங்களில் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். நம் மேற்குப் பக்கத்தில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே இறங்குவதால், விடிந்ததும் புறப்பட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது நல்லது. இருட்டில் ஓட்டாதே. பழைய வண்டியின் விளக்கு கிராமச் சாலைக்குப் போதாது. கிளந்தான், திரங்கானு பக்கம் மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். பகலில் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் நம் நாட்டில் சட்டம். எதிரே வருகிறவர் கண்ணில் நாம் பட வேண்டும் என்பதற்காக வந்த நல்ல சட்டம் அது.

இவ்வளவும் வண்டியைப் பற்றிச் சொன்னேன். ஆனால் பழைய சாலையில் போகச் சொல்வதற்கு என் மனத்தில் உள்ள பெரிய காரணம் வேறு. சிலிம் ரிவர் பக்கமும் தஞ்சோங் மாலிம் பக்கமும் அறுபதில் போகும்போது தோட்டங்களின் பெயர்ப் பலகைகளை வாசிக்க முடிகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களைப் பல இடங்களில் இடித்துவிட்டார்கள், சனமும் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் சாலையோரத்தில் நின்று, இங்கே நம் மக்கள் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. நிறுத்தி இறங்கிக் கோயில் பூசாரியிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் எந்தத் தோட்டத்துக்காரர் என்பதில் தொடங்கி, நம்மோடு படித்தவர்களில் யாரோ ஒருவரின் மாமன் மச்சான் முறையில் போய் முடிகிறது. நம் வகுப்புப் பிள்ளைகள் பீடோர், லாபிஸ், செகாமாட் என்று இந்த ஒரே சாலையின் மேல்தான் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை நெடுஞ்சாலையிலிருந்து பார்க்க முடியாது.

ஆகவே ஒரு யோசனை. தைப்பூசம் முடிந்து, மாசிக் கடைசியில் நான் உன்னிடம் வருகிறேன். கோலாலம்பூர் நெரிசலுக்குள் நுழையப் போவதில்லை. கோல குபு பாருவில் பிரிந்து பிரேசர் மலை அடிவாரத்து வழியாக ராவுப், பெந்தோங், காராக், அங்கிருந்து கோல பிலா, தம்பின் என்று இறங்கிப் பழைய சாலையை மறுபடி பிடிக்கலாம் என்றிருக்கிறேன். அந்த மலைப்பாதையை மண்சரிவுக்காகச் சில சமயம் மூடுவதுண்டு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்வேன். நீ செகாமாட் வரை எதிரே வா. அங்கே ஓரிரவு தங்கி, லாபிஸில் நம் ஆட்களைப் பார்த்துவிட்டு, யோங் பெங், ஆயர் ஈத்தாம் வழியாக உன் வீட்டுக்குச் சேர்ந்தே போவோம். உனக்கு ஓட்டம் பிடித்திருந்தால், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு மெர்சிங் போய் மூன்றாவது கூட்டரசுச் சாலையில் கடலோரமாகக் குவாந்தான் வரைக்கும் போகலாம். அதன் பிறகும் 250 சிசிதான் வேண்டும் என்று நினைத்தாயானால், நானே உன்னோடு கடைக்கு வந்து பார்த்து வாங்கித் தருகிறேன்.

அதற்குள் பின் டயரை மாற்றிவிடு. நீ அனுப்பிய படத்தில் நடுப்பகுதி வழுவழுவென்று தெரிகிறது. செயின் மூடியைக் கழற்றிப் பல்சக்கரத்தின் பற்கள் கூர்ந்து தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல். எந்த வாரம் உனக்குத் தோது என்பதை எழுது. லாபிஸ்காரர்களுக்கு நான் தகவல் சொல்லி வைக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் தோட்டத்துப் பள்ளித் தோழன்