டெக்சாஸின் லானோ ஊரில், வேட்டையாடிய மானைக் கூலிக்கு வெட்டிக் கறியாக்கித் தரும் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மான் வேட்டை தொடங்கும் நவம்பர் முதல் சனிக்கிழமை நெருங்கிவிட்டது. சூரியன் எழ அரை மணி இருக்கும்போதே சுடலாம் என்பது சட்டம். ஆகவே அன்று காலை ஒன்பதுக்குள் நம் கடை வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டிவிடும். அந்தப் பரபரப்பில் யாரும் எதையும் காதில் வாங்க மாட்டீர்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன். கோடை முழுக்கத் தீவனக் கடையிலும் தேவாலய வாசலிலும் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. "150 பவுண்டு மானைக் கொடுத்தேன், 34 பவுண்டு கறிதான் வந்தது, மீதியை விற்றுவிட்டார்கள்" என்று.

சொன்னவர் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது கிடக்கட்டும். அந்த 150 என்பது வண்டியின் பின்தட்டில் மானைக் கிடத்திக் கண்ணால் போட்ட எடை. குடல் நீக்கி வந்த அதே மான் எங்கள் தராசில் 79 பவுண்டு. நம் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியின் வெள்ளைவால் மான்கள் உடம்பில் சிறியவை என்பது இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அதில் தோல் போயிற்று, தலை போயிற்று, குளம்பு போயிற்று, எலும்பு போயிற்று. போதாக்குறைக்குக் குண்டு ஒரு தோளில் நுழைந்து மறு தோளில் வெளியேறியிருந்தது. இரண்டு முன்னங்கால்களிலும் ரத்தம் கட்டிக் கறுத்து, கத்தியை வைத்தால் கூழாக வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் கொத்துக்கறியில் போட்டிருந்தால் எடை கூடியிருக்கும், அவருக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். நான் போடவில்லை. தோளுக்குப் பின்னால் விலாவில் பட்டிருந்தால் நாற்பதை எட்டியிருக்கலாம். அதற்கு மேல் என் அப்பா காலத்திலும் அந்த அளவு மானில் வந்ததில்லை.

குறைந்தது என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். விற்றேன் என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது. வேட்டையாடிய வெள்ளைவால் மானின் கறியை விற்பது டெக்சாஸில் குற்றம். ஓட்டலில் தட்டில் வருவது புள்ளிமானும் நீலானும். அவை வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு இங்கே பெருகியவை, சீசனும் கிடையாது, உரிமத்தோடு வரும், சுட்ட மானில் கட்ட வேண்டிய சீட்டான டேக்கும் கிடையாது, அவற்றின் கணக்கே வேறு. உங்கள் மான் இந்த வாசலைத் தாண்டும்போதே பெயர், முகவரி, உரிம எண், தேதி எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. வனவிலங்குக் காவலர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அதைப் புரட்டுவார். போன டிசம்பரில் என் மதிய உணவு ஆறும்வரை புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை.

பதினாறு ஆண்டு எங்களிடம் கத்தி பிடித்த பெரியவர் மகள் வீட்டோடு இருக்க லபக் நகருக்குப் போய்விட்டார். அவர் தோலுரிக்கும் அழகைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தவர்களுக்கு இழப்பு புரியும். மான்களை மெலியவைத்துக் கொல்லும் நோய் பரவாமலிருக்க, கழிவை எப்படி ஒழிப்பது என்று 2024இல் மாநிலம் முழுமைக்கும் விதி வந்தது. எலும்பையும் தலையையும் குப்பைக்கிடங்குக்கு அனுப்புகிறோம். அங்கே எடைக்கு எடை காசு. இதனால் வெட்டுக்கூலி மானுக்கு 20 டாலர் கூடுகிறது. சாசேஜுக்கு 25 பவுண்டுக்குக் குறைவாகக் கறி கொடுப்பவர்களுடையதை இனி ஒன்றாகச் சேர்த்து அரைப்போம்.

டேக் இல்லாத மானைத் தயவுசெய்து இறக்காதீர்கள். "மச்சான் சுட்டது, நான் தூக்கி வந்தேன்" என்றால் மச்சான் கையெழுத்திட்ட வனவிலங்கு ஆவணத் தாள் கூடவே வர வேண்டும். ஆகஸ்ட் 31க்குப் பிறகு பழைய உரிமம் செல்லாது என்பதையும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் என் கல்லாவுக்கு முன்னால் நின்றுதான் தெரிந்துகொள்கிறார்.

போன நன்றித் திருநாள் வார இறுதியில் நள்ளிரவில் குளிர்அறை நின்றுபோனபோது, கேட்காமலே ஐஸ் மூட்டைகளோடு வந்து இறங்கிய உங்களை நான் மறக்க மாட்டேன். ஒருவர் பைஜாமாவோடு வந்திருந்தார். அன்று ஒரு மான்கூடக் கெடவில்லை. தங்கள் இரண்டாவது மானைப் பசித்தவர்களுக்கென்று 'ஹன்டர்ஸ் ஃபார் தி ஹங்ரி' திட்டத்துக்கு விட்டுப்போகிறவர்களுக்கும் தனி நன்றி.

அந்த 79 பவுண்டு மானின் கொம்பு இன்னும் எங்கள் பின்சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவர் எடுத்துப்போக மறந்துவிட்டார். டேக் எண்ணை எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
லானோ, டெக்சாஸ்