எங்கள் ட்ரோனை மறுபடி பறக்க வைத்தவர்களுக்கு

ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்து உறவுகளுக்கும், பண்டாரவளை நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் இளைஞர் மன்றத்தின் ட்ரோன் ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேலே போனது. லயத்து வீடுகளுக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவை முழுசாகப் படம் பிடித்தோம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவுக்குப் பிறகு, விடாமல் மழை பெய்தால் இந்தப் பக்கம் யாருக்கும் கண் மூடாது. மேலே நிலம் வெடித்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்கப் போகிறவர் உயிரைப் பணயம் வைத்துத்தான் போகவேண்டும். அந்த வேலையைச் செய்யும் சாமான் இது. அதனால்தான் இவ்வளவு நன்றி.

முகட்டுக் காற்று அதை நிழல் மரத்தில் அடித்து விழுத்தியபோது பிளாஸ்டிக் பிரேம் தூள் தூளானது. கொழுந்தெடுக்கும் அக்காமார் தேயிலைக்குள் குனிந்து தேடினார்கள். "தம்பி, இந்த வட்டமான சாமானும் இதோடதானே?" என்று ஒரு அக்கா கூடைக்குள்ளிருந்து எடுத்து நீட்டியது, ட்ரோன் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ். அது கிடைத்திராவிட்டால் கொழும்பிலிருந்து புதிதாகத்தான் எடுத்திருக்க வேண்டும்.

போன் திருத்தும் கடை அண்ணனே, நனைந்த போர்டுக்குக் கரண்ட் குடுக்கவே கூடாது என்று முதலில் தடுத்தது நீங்கள். அல்கஹோலும் பழைய பிரஷும் கொண்டு போர்டிலுள்ள சிப்புகளின் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தீர்கள். லென்ஸுக்கடியில் வைத்துப் பார்த்து, விட்டுப்போன ஈயப்பற்றைக் கண்டுபிடித்துத் திரும்ப வைத்தீர்கள். நசுங்கிய லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரியைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும் என்று தனியே எடுத்து மணல் வாளிக்குள் வைத்தீர்கள்.

அலுமினிய வேலை செய்யும் பாஸ் ஐயாவுக்கு என்ன சொல்ல! ஜன்னல் வேலையில் மிஞ்சிய பெட்டிக்குழாயிலும் பிளைவூட்டிலும் புது பிரேம் கட்டித் தந்தார். பத்து அங்குல விசிறிகள் ஒன்றோடொன்று முட்டாத அளவுக்கு அகலம் வைத்தார். குழாய்க்குள் வயர் உரசும் ஒவ்வொரு விளிம்பையும் அரத்தால் மழுக்கி, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். வயர் தோல் கிழிந்து அலுமினியத்தில் பட்டால் எல்லாமே கருகிவிடும். நாங்கள் அதைச் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

அலுமினியம் மோட்டாரின் அதிர்வை அப்படியே கடத்தும். அதனால் ட்ரோனின் மூளையான பிளைட் கன்ட்ரோலர் போர்டுக்கு அடியில் ஸ்பொஞ்ச் வைக்கச் சொன்னவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் தங்கை. திசைகாட்டியைப் பற்றரி வயரிலிருந்து தள்ளி ஒரு குச்சியில் உயர்த்தவும் சொன்னார். வயரில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலம் அதைக் குழப்புமாம். தப்பான பக்கம் சுற்றிய மோட்டாருக்கு மூன்று வயரில் இரண்டை மாற்றினால் போதும் என்பதும் அவர் போனில் சொல்லித் தந்ததே. பரீட்சைக் காலத்தில் இரவு வெகுநேரம் எங்களோடு இருந்தீர்கள், தங்கச்சி.

ஆட்டோ திருத்தும் அண்ணன் 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பற்றரிக்கும் போர்டுக்கும் இடையில் தொடராக இணைத்துத் தந்தார். உள்ளே ஷோர்ட் சர்க்கிட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், போர்டு தப்பிக்கும். விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டு இணைத்தோம். பல்பு ஒரு நொடி மின்னி அணைந்தது. அங்கே நின்ற எல்லோரும் கைதட்டினோம்.

படங்களைக் கிராம அலுவலரிடம் கொடுத்துவிட்டோம். பெரிதாக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலைக்கு வாருங்கள். அக்காமாரே, நீங்களும் கட்டாயம் வரவேண்டும்.

அன்புடன்,
இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள்